பழைய மிலிட்டரி லாரியின் கிளட்ச்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

ராணுவ ஏலத்தில் எடுத்த சக்திமான், நிசான் ஒரு டன், ஜோங்கா மாதிரி வண்டிகளைச் சேர்வராயன் மலையில் எஸ்டேட் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு இது. கிளட்ச் தகராறு என்றதுமே கியர் பாக்ஸை இறக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். இறக்கும் முன் வெளியிலிருந்தே பார்த்து முடிக்க வேண்டியவை நிறைய உண்டு. கிளட்ச் பிளேட் (எஞ்சின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குக் கடத்தும் தட்டு) எரிந்துதான் போயிருக்கிறது என்றாலும், அதை எரித்தது எது என்று பார்க்காமல் புதுசு போட்டால் அந்தப் புதுசும் அதே வழியில் போகும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெடலிலிருந்து கிளட்ச் ஃபோர்க் (கிளட்சைப் பிரிக்கும் நெம்புகோல்) வரை போவது இரும்பு ராடா, பிரேக் ஆயில் குழாயா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முதலாவது ராட் வகை, அடுத்தது ஆயில் வகை; சோதனை முறை இதைப் பொறுத்து மாறும். அடுத்தது, எஞ்சின் ஒரிஜினல்தானா? ஏல வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு வேறு கம்பெனி டீசல் எஞ்சின் ஏற்றியிருப்பார்கள். அப்படியானால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டிப் பெயரைச் சொல்லி பிளேட் வாங்கினால் சேராது.

அடியில் போகுமுன் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். கியரில் போட்டிருக்கிறோமே என்று நம்பி இருக்க வேண்டாம். கிளட்ச் வழுக்கும் வண்டியை கியர் பிடித்து நிறுத்தாது.

அறிகுறி 1: எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை

இதுதான் ஸ்லிப். அடிவாரத்தில் தெரியாது, நான்கைந்து கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு, சுமையோடு, பெரிய கியரில் முதலில் தெரியும். கூடவே கருகிய வாடை.

உறுதி செய்ய: சமதளம், ஹேண்ட் பிரேக், முன்னால் ஆள் இல்லாத இடம். டாப் கியர் போட்டு, பாதி ரேஸ் கொடுத்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப். இந்தச் சோதனை ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் லைனிங்கும் (பிளேட்டில் ஒட்டிய உராய்வுப் பட்டை) போகும்.

*பெடலில் பிளே இல்லையா?*

கையால் பெடலை அழுத்துங்கள். கனம் தட்டும் முன் 25 மி.மீ. அளவுக்கு லேசாக இறங்க வேண்டும். லைனிங் தேயத் தேய இந்த பிளே குறையும். பூஜ்யமானால் ரிலீஸ் பேரிங் (ஃபோர்க் தள்ளும் பேரிங்) எப்போதும் ஃபிங்கர்களை (கிளட்சைப் பிரிக்கும் சிறு நெம்புகளை) அழுத்திக்கொண்டே இருக்கும். பாதி கிளட்ச் மிதித்தபடி ஓட்டுவதற்குச் சமம். ஃபோர்க் முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகி பிளேயைக் கொண்டுவாருங்கள். செலவில்லாத வேலை. ஸ்லிப் நின்றுவிட்டால் இங்கேயே முடிந்தது. ஆனால் திருகுவதற்கு மரை மிச்சமே இல்லை என்றால் பிளேட் தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள்.

*ஆயில் வகையா? சூடேறினால்தான் வழுக்குகிறதா?*

காலையில் சரியாக இருந்து, அரை மணி நேரத்தில் ஸ்லிப் தொடங்கினால் பிளேட்டைச் சந்தேகிக்கும் முன் மாஸ்டர் சிலிண்டரைப் (பெடல் பக்கம் உள்ள ஆயில் சிலிண்டர்) பாருங்கள். பெடல் மேலே வந்த பிறகு, உள்ளிருக்கும் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப ஒரு ஊசித் துளை உண்டு. புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளியாவது இல்லாவிட்டாலோ, அழுக்கால் துளை அடைத்தாலோ, கப் (உள்ளிருக்கும் ரப்பர் சீல்) உப்பினாலோ அழுத்தம் உள்ளேயே நின்றுவிடும். சூட்டில் ஆயில் விரியும்போது கிளட்ச் தானாகவே கொஞ்சம் மிதிபடும்.

வழுக்கும் நேரத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, பெடலைத் தொடாமல், கீழ் சிலிண்டரின் பிளீடர் ஸ்க்ரூவைக் (காற்று எடுக்கும் திருகு) கால் சுற்று திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, மூடிய பின் ஸ்லிப் நின்றுவிட்டால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர்தான். இடைவெளியைச் சரிசெய்து, துளையைச் சுத்தம் செய்து, கப் உப்பியிருந்தால் கிட் (ரப்பர் செட்) மாற்றினால் போதும். இதைச் சோதிக்காமல் பிளேட் மாற்றினால், செலவும் ஆகும், புது பிளேட்டும் அதே மலையில் எரியும்.

*பிளேட்டில் ஆயில் இறங்கியிருக்கிறதா?*

பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் உறை) அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். அதில் கம்பியை விட்டு எடுங்கள். மெல்லிசாக, கறுப்பாக வந்தால் எஞ்சின் ஆயில்: கிராங்க் பின் சீல். கெட்டியாக, கந்தக நெடியோடு வந்தால் கியர் ஆயில்: கியர் பாக்ஸ் முன் சீல். மலைப் பாதை இதைப் பிரித்துக் காட்டவும் செய்யும். ஏறும்போது எஞ்சின் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி பின் சீலில் நிற்கும். இறங்கும்போது கியர் ஆயில் முன்பக்கம் வரும். ஏறி முடித்ததும் ஸ்லிப் கூடுகிறதா, இறங்கி வந்த மறுநாள் கூடுகிறதா என்று கவனியுங்கள்.

சீலைக் குறை சொல்வதற்கு முன் ப்ரீதர். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் மூச்சு விடத் தனித்தனித் துளை உண்டு. மலைச் செம்மண் அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே தள்ளும். டீசலில் கழுவி ஊதிவிட்டாலே கசிவு பாதி குறையும். கியர் பாக்ஸில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். பக்கவாட்டு லெவல் பிளக்கைத் திறந்து, வழிவதை வழியவிட்டு மூடுங்கள்.

மிலிட்டரி வண்டிக்கே உரிய இன்னொரு காரணம்: ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகாமல் இருக்க, பெல் ஹவுசிங் வடிகாலை அடைக்கும் திருகு பிளக் சில வண்டிகளோடு வரும். கடந்த பிறகு அதைக் கழற்றி வைக்க வேண்டும். ஏலத்தில் எடுத்தவருக்கு இது தெரியாமல், துளை வருடக்கணக்கில் மூடியே கிடக்கும். சொட்டுச் சொட்டாகக் கசியும் ஆயில் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி, பிளைவீல் (பிளேட் உட்காரும் எஞ்சின் கனச் சக்கரம்) சுற்றும்போது லைனிங்கில் அடிக்கும்.

ஆயில் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண் வேலை. வெளியே காய்ந்தது போல் இருக்கும், சூடேறியதும் உள்ளிருப்பது கசியும்.

*மேலே எதுவும் இல்லையா?*

பிளே சரி, அழுத்தம் நிற்கவில்லை, ஆயில் இல்லை, இருந்தும் ஸ்லிப் என்றால் லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கும். இப்போதுதான் கியர் பாக்ஸ் இறங்க வேண்டும்.

அறிகுறி 2: கியர் விழவில்லை, கரகரவென்று அடிக்கிறது

கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு) கிடையாது, சிலவற்றில் முதல் கியருக்கும் கிடையாது. மிதித்த உடனே போட்டால் நல்ல வண்டியும் கத்தும். எனவே ஐடிலில் கிளட்சை முழுதாக மிதித்து, பத்து எண்ணும் வரை பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கத்தினால் கோளாறு உண்மை.

ராட் வகையில் பிளே கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள். 50 மி.மீ. வெற்று இறக்கம் இருந்தால் மிச்ச மிதியில் கிளட்ச் பிரியாது. பெடல் ஷாப்ட் புஷ், ராட் முனையில் உள்ள பின், இவற்றின் துளை நீளவாக்கில் தேய்ந்திருந்தால் எத்தனை திருகினாலும் நிற்காது. பின்னும் புஷ்ஷும் லேத்தில் செய்து போடுங்கள். சேலத்தில் இதற்கு அலைய வேண்டியதில்லை.

ஆயில் வகையில் டப்பா அளவு, பிறகு ஒழுக்கு, பிறகு காற்று. கீழ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் போய்விட்டது. ஒருவர் முழுதாக மிதிக்க, இன்னொருவர் கீழே புஷ் ராட் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலில் பார்க்கட்டும். பொதுவாக 12 முதல் 15 மி.மீ. நகர்ந்தால் வெளி வேலை ஒழுங்காக நடக்கிறது. அதற்குக் குறைந்தால் காற்று, தேய்ந்த கப், அல்லது உப்பிய ரப்பர் ஹோஸ். மிதிக்கும்போது ஹோஸை விரலால் பிடித்திருங்கள். பலூன் போல் புடைத்தால் மாற்றுங்கள்.

ஏர் எடுக்க: பிளீடரில் வெள்ளை டியூப், மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மிதித்துப் பிடி, ஸ்க்ரூ திற, மூடு, பெடலை விடு. இந்த வரிசை மாறக்கூடாது. டப்பா பாதிக்குக் கீழே இறங்கும் முன் ஊற்றிக்கொண்டே இருங்கள். டாட் 3 பிரேக் ஆயில் மட்டும். எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு மூடி கலந்தாலும் ரப்பர் எல்லாம் உப்பி, இரண்டு சிலிண்டரும் ஹோஸும் மாற்ற வேண்டி வரும். டாட் 3 ஈரத்தை இழுக்கும். மலை மூட்டத்தில் நிற்கும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது நல்லது.

*மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியா?*

ஐப்பசி கார்த்திகை மழையில் நிறுத்திவிட்டு, பழம் பறிப்புக்கு எடுக்கும்போது இது வரும். பெடல் சரியாக இருக்கும், புஷ் ராடும் நகரும், ஆனால் கியர் விழாது. பிளேட் துருப்பிடித்து பிளைவீலோடு ஒட்டியிருக்கிறது. கழற்ற அவசரப்பட வேண்டாம். எஞ்சினைச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் நல்ல நீளத்துக்குத் திறந்த சமதளம் இருக்கட்டும். லோ ரேஞ்சில் (டிரான்ஸ்ஃபர் கேஸின் மெது கியர் நிலை) முதல் கியர் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி ஊர்ந்து நகரும். பெடலை விடாமல், ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, பிரேக்கை ஒரு தட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். டக்கென்று விட்டுக்கொள்ளும். நாலைந்து தடவையில் விடாவிட்டால் நிறுத்திவிடுங்கள். மேலும் அடித்தால் பிளேட் நடு ஹப் கிழியும். அடுத்த வருடம் நிறுத்தும்போது, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு கட்டையைக் கொடுத்து கிளட்சை மிதித்த நிலையிலேயே வையுங்கள்.

வெளியில் எல்லாம் சரியாக இருந்தும் கத்தினால் மிச்சம் உள்ளே: கோணிய பிளேட், ஸ்ப்லைனில் (பிளேட் நகரும் இன்புட் ஷாப்ட் பல்வரிசை) துரு, இறுகிய பைலட் பேரிங் (இன்புட் ஷாப்ட் முனையைத் தாங்கும் பேரிங்), வளைந்த ஃபோர்க். சமீபத்தில் கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால் கோணிய பிளேட்தான். ஏற்றும்போது கியர் பாக்ஸின் எடையை இன்புட் ஷாப்ட்டில் தொங்கவிட்டிருப்பார்கள்.

அறிகுறி 3: பெடல் தரையோடு போய்விட்டது, அல்லது எழும்பவில்லை

ஆயில் வகையில் திடீரென்று விழுந்தால் ஹோஸ் வெடிப்பு அல்லது கப் புரண்டது. டப்பாவும் வண்டிக்கடியில் தரையும் சொல்லிவிடும். ஒழுக்கே இல்லாமல், மெதுவாக மிதித்தால் இறங்கி, வேகமாக மிதித்தால் பிடித்தால் மாஸ்டர் கப் உள்ளுக்குள்ளேயே விடுகிறது. ராட் வகையில் பின்னும் காட்டர் பின்னும் விழுந்திருக்கும். இரண்டு ரூபாய் காட்டர் பின் இல்லாமல் ஆணியை வளைத்துப் போடும் பழக்கத்தை விட்டால் இந்தக் கோளாறில் பெரும்பகுதி வராது.

அறிகுறி 4: பெடல் கல் மாதிரி கனம்

பெடல் ஷாப்ட்டுக்கும் கிராஸ் ஷாப்ட்டுக்கும் கிரீஸ் நிப்பிள் உண்டு. மண் பூசி மறைந்திருக்கும், சுரண்டிப் பாருங்கள். கிரீஸ் அடித்தும் குறையாவிட்டால் ராடைக் கழற்றி பெடலை மட்டும் அசையுங்கள். பெடல் தனியாக லேசாகப் போனால் கனம் கீழே இருக்கிறது.

அறிகுறி 5: கிளப்பும்போது வண்டி உதறுகிறது

முதலில் எஞ்சின், கியர் பாக்ஸ் மவுண்ட் ரப்பர். ஒருவர் பிரேக்கைப் பிடித்தபடி லேசாக கிளட்சை விடட்டும். எஞ்சின் ஒருபுறமாகத் தூக்கினால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. அடுத்தது புரொபெல்லர் ஷாப்ட் கிராஸ், ஸ்பிரிங் யு போல்ட். இவை இறுக்கமாக இருந்தும் உதறினால் லைனிங்கில் ஆயில் தெறிப்பு, பிளைவீலில் நீலத் திட்டு, அல்லது ஃபிங்கர்கள் ஒரே மட்டத்தில் இல்லை.

அறிகுறி 6: சத்தம்

பெடலை விரலால் லேசாக அழுத்தியதும் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலைத் தொடாதபோது வந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் இன்புட் பேரிங். கியரில் போட்டு, முழுதாக மிதித்து நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் பேரிங். ரிலீஸ் பேரிங் சத்தத்தோடு கொஞ்ச நாள் ஓட்டலாம். பைலட் பேரிங் இறுகினால் கியரே விழாது, தள்ளிப்போட வேண்டாம்.

மலைப்பாதை நடுவில் கிளட்ச் போய்விட்டால்

சேலம்–ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது கிளட்ச் வழுக்கினால் "சரி, திருப்பி இறங்கிவிடலாம்" என்றுதான் தோன்றும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. வழுக்கும் கிளட்ச் எஞ்சின் பிடிப்பையும் சக்கரத்துக்குத் தராது. முழு எடையும் பிரேக் டிரம்முக்கு வரும். சூடேறிய டிரம் சில வளைவுகளிலேயே பிடிப்பை இழக்கும். ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, பிளேயைச் சரிபாருங்கள். ஆறிய பின்னும் வழுக்கினால் சுமையை இறக்கிவிட்டு, கட்டி இழுக்கும் வண்டியை வரவழைப்பதுதான் வழி. இறக்கத்தில் கயிற்றில் கட்டி இழுக்கக் கூடாது. இரும்பு பார் வேண்டும்.

மாறாக, கிளட்ச் பிரியவில்லை, ஆனால் வழுக்கவும் இல்லை என்றால் எஞ்சின் பிடிப்பு இருக்கிறது. பிரேக் முழு நலமாக இருந்து, வண்டி காலியாக இருந்தால், எஞ்சினை அணைத்து லோ ரேஞ்ச் முதல் கியரில் போட்டு, ஸ்டார்ட்டரிலேயே கிளப்பி, அந்த ஒரே கியரில் அருகிலுள்ள அகலமான இடம் வரை ஊர்ந்து போகலாம். நிறுத்த, பிரேக்கோடு ஸ்டாப் கேபிளையும் (டீசல் எஞ்சினை அணைக்கும் கம்பி) இழுக்க வேண்டும். கூட்டமான சனி ஞாயிறில் இதையும் முயல வேண்டாம். லோ ரேஞ்சில் முன் அச்சும் சேர்ந்து விழும் வண்டியானால், காய்ந்த தாரில் வளைவுகளில் ஸ்டியரிங் முறுக்கிப் பிடிக்கும், அச்சுக்கும் கெடுதல். அந்த ஒரு நகர்த்தலோடு விட்டுவிடுங்கள்.

கியர் பாக்ஸ் இறக்கியே ஆக வேண்டும் என்றால்

வீட்டு ஜாக்கியில் செய்கிற வேலை இல்லை இது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியே இருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். தனியாக நின்றால் நடுவிலுள்ள குட்டை ஷாப்ட்டைக் கழற்றினால் போதும். இரண்டு வகையிலும் செயின் பிளாக், கியர் பாக்ஸ் ஜாக்கி, பழகிய இரண்டு பேர் வேண்டும். இவை இல்லாத இடத்தில் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். ஆனால் கூடவே நின்று கீழே உள்ளவற்றைக் கேளுங்கள்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் காற்றில் தூசி ஊதக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட வேண்டும்.

ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். பிளைவீலில் நீலத் திட்டும் மயிரிழை விரிசலும் இருந்தால் லேத்தில் முகம் எடுக்க வேண்டும். பிளைவீல் படி வைத்த மாடல் என்றால் உள்முகத்தில் எடுத்த அதே அளவை கவர் உட்காரும் வெளி விளிம்பிலும் எடுக்கச் சொல்லுங்கள். உள்முகம் மட்டும் குறைந்தால் பிரஷர் பிளேட் முன்னே போய், அழுத்தம் குறைந்து, புது பிளேட் போட்டும் வழுக்கும். கழற்றும் முன் பிளைவீலுக்கும் கிராங்குக்கும் பஞ்ச் குறி போடுவது அவசியம்.

பிளேட் வாங்கப் போகும்போது பழைய பிளேட்டைக் கையில் எடுத்துப் போங்கள். வெளி விட்டம், ஸ்ப்லைன் பல் எண்ணிக்கை, ஹப் உயரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். புது ஹப்பை இன்புட் ஷாப்ட்டில் போட்டுப் பாருங்கள்: தானாக வழுக்கிப் போக வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. கிடைக்காத அளவு என்றால் பழைய பிளேட்டுக்கே லைனிங் அடித்துக்கொள்ளலாம். ஹப் ஸ்பிரிங்குகள் கையில் ஆடினால் அந்தப் பிளேட்டில் லைனிங் அடிப்பது பணத்துக்குக் கேடு. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு சீல் நாலையும் சேர்த்தே மாற்றுங்கள்; இவற்றின் விலையை விட மறுபடி இறக்கும் கூலி அதிகம்.

ஃபிங்கர் உள்ள பிரஷர் பிளேட்டில் எல்லா முனையும் 0.5 மி.மீ.க்குள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் மெக்கானிக்கிடம் விட வேண்டாம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துச் செய்பவரிடம் கொடுங்கள்.

பிளேட்டின் நீளமான ஹப் பக்கம் பெரும்பாலும் கியர் பாக்ஸைப் பார்க்கும். சந்தேகமிருந்தால் கையில் வைத்துப் பார்த்து, ஹப் பிளைவீல் போல்ட்டில் இடிக்கிறதா என்று சோதியுங்கள். நடுமையம் பிடிக்க பழைய இன்புட் ஷாப்ட் துண்டு இருந்தால் நல்லது. ஸ்ப்லைனில் கிரீஸ் பூசித் துடைத்துவிட வேண்டும், மினுமினுப்பு மட்டும் நின்றால் போதும். கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, சுற்றுக்கு இரண்டு திருப்பு என்று இறுக்கினால் கவர் கோணாது. கியர் பாக்ஸ் கடைசி 20 மி.மீ. போகவில்லை என்றால் போல்ட் போட்டு இழுக்க விடாதீர்கள். மையம் பிசகியிருக்கிறது; டாப் கியரில் போட்டு, பின் ஃபிளாஞ்சைக் கையால் லேசாகச் சுற்றினால் பல் சேர்ந்து உள்ளே போகும்.

ஏற்றி முடித்ததும் பிளே 25 மி.மீ. வைத்து, 500 கி.மீ. ஓடிய பின் மறுபடி பாருங்கள். புது லைனிங் படியும்போது பிளே குறையும். அதுவரை முழுச் சுமை வேண்டாம். முதல் தடவை மலை ஏறி இறங்கிய மறுநாள், பெல் ஹவுசிங் வடிகாலில் கம்பியை விட்டுப் பாருங்கள். ஈரமாக வந்தால் லைனிங் நனையும் முன்பே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். சீல் கூலியை அவர்களே ஏற்க வேண்டிய நேரம் அது.